பெரஸ்தாகிக்குத் தோட்டம் பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

உரும்பிராய்க் கிணற்றடி:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஆனியில் மலேசியாவில், கிள்ளானில், சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம். நானும் அப்பாவும் போகிறோம். கலியாணம் முடிந்து திரும்புவதற்கு இடையில் ஆறு நாள் கையில் இருக்கிறது. கெந்திங் போ, லங்காவி போ என்று சொந்தக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள், அப்பாவுக்கு அதில் ஒரு விருப்பமும் இல்லை. அவருக்கு 67 வயது, பதினாறு வயதில் இருந்து தோட்டம்தான். எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு பரப்புக் காணி இருக்கிறது. மாரி மழை குறைந்ததும் உருளைக்கிழங்கு, பிறகு வெங்காயம், ஒரு துண்டில் புகையிலை.

போன மாதம் ஒரு காணொளி காட்டினேன். இந்தோனேசியாவில், வடக்குச் சுமாத்திராவில், பெரஸ்தாகி என்ற சின்ன ஊர். கன்னங்கரிய மண், அதில் கோவா, கரட், உருளைக்கிழங்கு, பின்னால் புகைக்கிற மலை. இரண்டு தரம் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ள கிணறு எங்கையடா?" என்று கேட்டார். கிணறு இல்லை அப்பா, மழையை நம்பித்தான் செய்கிறார்கள் என்றேன். அதில் இருந்து வீட்டில் இதே கதைதான். கிணறும் இறைக்கிற மெசினும் இல்லாமல் வருடம் முழுக்கத் தோட்டம் செய்கிற இடத்தை ஒருக்கால் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

யாராவது போயிருக்கிறீர்களா? கோலாலம்பூரில் இருந்து எப்படிப் போவது, எத்தனை நாள் காணும், அப்பா சைவம் என்பதால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, அந்த எரிமலையால் ஆபத்து உண்டா, தோட்டக்காரர்களோடு கதைக்க வழி இருக்கிறதா? இன்னொன்று, அங்கிருந்து கொஞ்சம் விதைக்கிழங்கு கொண்டு வரலாமா என்று அப்பா கேட்கிறார்.

கடல் கடந்த அரியாலை:

தம்பி, கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் பினாங்கில் ஏழு வருடம் வேலை செய்தேன், அந்த நாட்களில் மூன்று தரம் பெரஸ்தாகிக்குப் போயிருக்கிறேன். முதல் தரம் தோபா ஏரி பார்க்கப் போகும் வழியில் ஒரு இரவு தங்க இறங்கினவன், மூன்று நாள் நின்றுவிட்டேன்.

கோலாலம்பூரில் இருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம்தான். இறங்குகிற இடம் குவாலாநாமு விமான நிலையம், 2013 இல் திறந்தது, அங்கிருந்தே மேடான் நகரத்துக்கு ரயில் ஓடுகிறது. மேடானில் பாடாங் புலான் பக்கம் போனால் பெரஸ்தாகிக்கும் அதன் பக்கத்து ஊரான கபன்ஜாஹேக்கும் சின்ன பஸ்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். தூரம் 65 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் முழுக்க வளைவும் ஏற்றமும், இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். பஸ்சில் நெருக்கி அடைப்பார்கள், கூரையிலும் ஆட்கள் இருப்பார்கள், அப்பாவின் வயதுக்கு ஒரு கார் பிடித்துக்கொண்டு போவது நல்லது. சனி, ஞாயிறில் மட்டும் அந்த ரோட்டில் கால் வைக்க வேண்டாம். மேடான் சனம் முழுக்கக் குளிர் தேடி மலைக்கு ஏறும், நான் ஒரு சனிக்கிழமை ஐந்தரை மணித்தியாலம் அந்த வளைவுகளில் இருந்தேன். கடும் மழை பெய்தாலும் ஒரு நாள் பொறுத்துப் போங்கள். 2024 நவம்பரில் அந்த ரோட்டில் மண் சரிந்து ஒரு பஸ்சை மூடிப் பலர் இறந்தார்கள். ஆனி, ஆடி அங்கே மழை குறைந்த மாதங்கள், அதனால் நீங்கள் போகும் காலம் நல்ல காலம்தான்.

பெரஸ்தாகி ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரம். பகலில் நல்லூரில் மார்கழி விடிகாலை மாதிரி இருக்கும், இரவில் சுவெற்றர் இல்லாமல் அப்பாவுக்குச் சரிவராது. ஊர் என்று பார்த்தால் ஒரு நீண்ட பெரிய தெரு, அதன் இரு பக்கமும் கடைகள், வாகனச் சத்தம், புகை. முதல் பார்வையில் இதற்காகவா வந்தோம் என்று இருக்கும். தெருவை விட்டுப் பத்து நிமிடம் நடந்தால் தோட்டம் தொடங்கிவிடும், பிறகு தோட்டம், தோட்டம், தோட்டம்தான், மலையின் அடி மட்டும்.

சந்தையைத்தான் முதலில் காட்டுங்கள். ஊருக்கு நடுவில் இருக்கும் பழச்சந்தை வந்து போகிற ஆட்களுக்கானது, விலை கூட, ஆனால் தோடம்பழமும் கொடித்தோடையும் ஆனைக்கொய்யாவும் குவித்து வைத்திருக்கிற அழகுக்காக ஒரு சுற்றுச் சுற்றலாம். உண்மையான வேலை நடப்பது ரோகா சந்தையில், மரக்கறி மொத்தமாகக் கைமாறுகிற இடம் அது. எங்கள் மருதனார்மடம் சந்தை போலத்தான், அளவு பல மடங்கு. ஒரு விஷயம் நினைவில் வையுங்கள், மேடான் பக்கத்தில் சந்தையைப் 'பஜாக்' என்பார்கள். இந்தோனேசியாவின் மற்ற இடங்களில் அந்தச் சொல்லுக்கு வரி என்று அர்த்தம், அதனால் அகராதியை நம்பிப் போனால் குழப்பம் வரும்.

மேடானில் அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். 1884 இல் கட்டிய சிறீ மாரியம்மன் கோவில் இருக்கிறது, அந்தச் சுற்றாடலை இப்போது கம்போங் மெட்ராஸ் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்த காரணம் அப்பாவுக்கு உடனே விளங்கும்: புகையிலை. 1863 இல் நீன்ஹாய்ஸ் என்ற ஒல்லாந்தர் மேடானைச் சுற்றிய டெலிப் பகுதியில் புகையிலை தொடங்கினார், அந்த இலை சுருட்டுக்கு மேலிலையாக ஐரோப்பா முழுக்கப் பேர் எடுத்தது, தோட்டங்களுக்குச் சீனரையும் ஜாவாக்காரரையும் தமிழரையும் கூலிகளாகக் கொண்டு போய் இறக்கினார்கள். மேடான் நகரமே அந்த இலையில் எழும்பியதுதான். சுருட்டுக்கு இந்தோனேசிய மொழியில் இன்றைக்கும் 'செருத்து' என்றுதான் சொல்கிறார்கள். கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பால்', போடுகிற முதலுக்கு 'மொடால்'. இந்த நாலு சொல்லையும் அப்பாவிடம் சொல்லிவிட்டால் அவர் பாதி மொழி தெரிந்த மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

விசா விதி அடிக்கடி மாறும், கொழும்பில் உள்ள இந்தோனேசியத் தூதரகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

புத்தூர்ச் சந்தி:

நான் ஒன்று நேரே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கோவாவும் கரட்டும் குளிரும் பார்க்க நுவரெலியா போதும். ஒரு வான் பிடித்தால் இரண்டு நாளில் போய் வந்துவிடலாம். இரண்டு பேருக்கு விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் என்று போகிற காசுக்கு நாலு பரப்புக்குச் சொட்டு நீர்ப்பாசனம் போட்டுவிடலாம், கிணற்றிலும் தண்ணீர் மிஞ்சும். இந்த வருடம் விதைக்கிழங்கு, பசளை விற்ற விலைக்கு, தோட்டக்காரன் வீட்டில் காசு சும்மா கிடக்கிறதா?

பழைய போதனாசிரியர்:

புத்தூர்த் தம்பி சொல்கிற காசுக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நுவரெலியாவும் பெரஸ்தாகியும் ஒன்றல்ல, அதை விளக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக வலிகாமத்தில் சைக்கிளில் திரிந்தவன் நான், பெரஸ்தாகிக்கு 2018 இல் மகளோடு போனேன்.

நுவரெலியா மண் பழைய மண். பல கோடி வருட மழையில் கழுவுண்டு புளிப்பேறியது, சுண்ணாம்பும் எருவும் போட்டுப் போட்டுத்தான் அங்கே மரக்கறி எடுக்கிறார்கள். பெரஸ்தாகி மண் எரிமலைச் சாம்பலில் பிறந்த இளம் மண். அன்டோசோல் என்று பெயர். கையில் எடுத்தால் பாரமே இருக்காது, மாவுருண்டை போல நொருங்கும். அதன் பெரிய குணம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. அப்பா கேட்ட கேள்விக்கு, கிணறு எங்கே என்று கேட்டாரே, அதற்கு விடை இதுதான். மழை வருடம் முழுக்கப் பரந்து பெய்கிறது, பெய்ததை மண் பஞ்சு போல வைத்திருக்கிறது, கிணறு செய்கிற வேலையை அங்கே மண் செய்கிறது.

எங்கள் செம்மண் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் விரித்த ஒரு மெல்லிய பாய். பல இடங்களில் ஒரு முழம் வெட்டினால் கல் தட்டும். விட்ட தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கும், இறங்கும்போது நாங்கள் போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குள் போகும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற் கூடியிருப்பது இப்படித்தான். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் படம் கீறிச் சொல்லியிருக்கிறேன், ஆனால் முப்பது வருடம் சொன்னதை விட, தண்ணீர் நிற்கிற ஒரு மண்ணை ஒருதரம் கையால் தொட்ட தோட்டக்காரன் தன் மண்ணைப் பற்றிக் கூட யோசிப்பான். அதற்காகவே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறேன்.

அங்கேயும் எல்லாம் சும்மா விளைவதில்லை. அன்டோசோல் மண் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்கு இலகுவில் விடாது. அதனால் தோட்டக்காரர்கள் கோழி எருவும் பசளையும் நிறையப் போடுகிறார்கள், மருந்தும் நிறைய அடிக்கிறார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் உருளைக்கிழங்குக்குப் பின்வெளிறல் நோய் எப்படி வரும் என்று அப்பாவுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரஸ்தாகி இருக்கிற காரோ மேட்டுநிலத்தின் தோடம்பழம் ஒரு காலத்தில் பெரும் பேர், பிறகு பழ ஈ வந்து பலர் மரத்தை வெட்டிவிட்டுக் கோப்பிக்கும் மரக்கறிக்கும் மாறினார்கள். அந்த மரங்கள் நின்ற காணிகளையும் பாருங்கள்.

இனி எரிமலை. ஊருக்கு இரண்டு மலை. சிபாயாக் 2,200 மீற்றர் அளவு, கந்தகப் புகை விடும், ஆட்கள் விடியப்புறம் ஏறிச் சூரிய உதயம் பார்ப்பார்கள். சினாபுங் 2,400 மீற்றருக்கு மேல், அதுதான் ஆபத்தானது. ஏறத்தாழ நானூறு வருடம் அடங்கிக் கிடந்தது 2010 ஆவணியில் வெடித்தது, 2013 இல் திரும்பத் தொடங்கிப் பல வருடம் விடவில்லை. 2014 பெப்ரவரி முதலாம் திகதியும் 2016 மே மாதமும் சுடுசாம்பல் முகில் இறங்கி, தடை செய்த இடத்துக்குள் தோட்டம் பார்க்கவும் வேறு அலுவலாகவும் போயிருந்த ஆட்களைக் கொன்றது. சாவு நிச்சயம் என்று தெரிந்துமா போனார்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. விளைந்த பயிர் உள்ளே நிற்கிறது, கடன் வெளியே நிற்கிறது, அவன் போகத்தான் செய்வான். சுக்காமெரியா, பெக்கெரா, சிமாசெம் என்ற மூன்று ஊர்ச் சனத்தையும் முழுதாகச் சியோசார் என்ற இடத்தில் காடு வெட்டிக் குடியமர்த்தினார்கள், இப்போது அங்கே உருளைக்கிழங்கு போடுகிறார்கள். பெயர்ந்து போன சனம் புது மண்ணில் தோட்டம் தொடங்குவது எப்படி என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நேரம் கிடைத்தால் சியோசார் பாருங்கள்.

பெரஸ்தாகி ஊர் சினாபுங்கின் தடை எல்லைக்கு வெளியே. போகிற வாரம் எச்சரிக்கை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, சிவப்பு எல்லைக்குள் கால் வைக்காமல் இருந்தால் காணும்.

விதைக்கிழங்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஒரு கிழங்கும் கொண்டு வரக் கூடாது. அனுமதி இல்லாமல் நடுகைப் பொருள் கொண்டு வருவது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். உருளைக்கிழங்குச் சிறைப்பை நூற்புழு 2003 இல் கிழக்கு ஜாவாவில் பிடிபட்டது. கண்ணுக்குத் தெரியாத பைக்குள் முட்டைகள் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும், கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும். உங்கள் அப்பா கேட்பது ஆசையில், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆசை உரும்பிராய், கோப்பாய், இருபாலை எல்லாத் தோட்டத்துக்கும் கேடாக முடியலாம். அங்கே பெருமளவு போடுவதும் கிரனோலா இனம்தான், நாங்களும் அதைப் போட்டிருக்கிறோம், புதிதாகக் கொண்டுவர ஒன்றும் இல்லை. தோட்டத்துக்குள் போட்ட சப்பாத்தை அங்கேயே பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்துப் பையில் வையுங்கள்.

நல்லூரடி:

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், நான் மாமியோடு போனனான், அவர் வெங்காயம் இல்லாத விரதச் சாப்பாடு என்றால் கூட அசையாத ஆள்.

அந்த மேட்டுநிலத்துச் சனமான காரோ ஆட்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், தெருவெங்கும் பன்றி இறைச்சி சுட்டு விற்கும் கடைகள்தான் கண்ணில் படும். வாசலில் மூன்றெழுத்துப் பலகை 'பிபிகே' என்று இருந்தால் அது அந்தக் கடை, தாண்டிப் போய்விடுங்கள். ஆனால் சைவத்துக்குப் பயப்பட வேண்டாம். தெம்பே என்று சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது, தாகு என்கிற சோயாக் கட்டி, கடலைச் சாறு ஊற்றிய காடோ-காடோ, இவை எங்கும் கிடைக்கும். சிக்கல் இறாலில் செய்த தெராசி என்ற கூட்டில்தான். கறிக்குள்ளும் சம்பலுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். "தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராசி" என்று ஒரு கடதாசியில் எழுதி வைத்துக் கடைக்காரரிடம் காட்டினோம். இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், தெராசி இல்லாமல் என்று அர்த்தம். ஒரு கடைக்கார அம்மா அதை வாசித்துவிட்டு மாமியைச் சமையல் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சட்டிகளைத் திறந்து காட்டினார். மேடானில் இருந்து ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் வாங்கிக்கொண்டு போங்கள், சோற்றுக்கு அது காணும்.

சிம்பா என்று ஒரு பலகாரம் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். ஒட்டரிசி மாவுக்குள் தேங்காய்ப்பூவும் அவர்களுடைய பனைச்சீனியும் வைத்து இலையில் சுற்றி அவிப்பது. மாமி முதல் வாயிலேயே "இது எங்கட கொழுக்கட்டையெல்லோ" என்று சொல்லி ஐந்து சாப்பிட்டார். அந்தச் சீனி வருவது அரேன் என்ற பனையில் இருந்து. எங்கள் பனை இல்லை, வேறு இனம், ஆனால் பாளையைத் தட்டிச் சீவிப் பதநீர் எடுத்துக் காய்ச்சிக் கட்டியாக்குகிற வேலை அதேதான். அதே பனையின் கறுப்பு நாரில்தான் பழைய வீடுகளுக்குக் கூரை வேய்ந்திருக்கிறார்கள்.

அந்த வீடுகளைப் பார்க்க லிங்கா என்ற ஊருக்குப் போங்கள், வாகனத்தில் அரை மணித்தியாலம். சிவாலு ஜாபு என்கிறார்கள், ஒரு கூரைக்குக் கீழே எட்டுக் குடும்பம், முழு வீட்டிலும் ஓர் ஆணி இல்லை, கூரை நுனியில் எருமைக் கொம்பு. உள்ளே புகை படிந்து கறுத்த மரம், நடுவில் அடுப்புகள். வெற்றிலை போட்ட ஒரு பாட்டி எங்களை உள்ளே விட்டார், மாமியும் அவரும் ஒரு சொல்லும் விளங்காமல் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள், வெற்றிலையும் பாக்கும் மாற்றிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. சில வீடுகள் சாய்ந்துவிட்டன, கொஞ்சந்தான் மிச்சம், அதனால் காசு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், அது கூரை வேயப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரோ ஆட்களில் ஐந்து பெரிய குலம், அதில் செம்பிரிங் என்பது ஒன்று. அதற்குள் உள்ள கிளைகளின் பெயரைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமனா. எங்கள் வாகனம் ஓட்டியவரின் பெயரின் பின்பாதி பாண்டியா. பழைய தமிழ் வணிகர் தொடர்பில் வந்த பெயர்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேற்குக் கரையில் பாருஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவுடையது. கற்பூரம் வாங்கத்தான் அங்கே போனார்கள், இன்றைக்கும் கற்பூரத்துக்கு அவர்கள் சொல்கிற பெயர் காபுர் பாருஸ். முன்னொரு காலத்தில் செம்பிரிங் ஆட்களில் ஒரு பகுதியார் இறந்தவரின் சாம்பலைச் சின்ன வள்ளத்தில் வைத்து லாவ் பியாங் ஆற்றில் விடுவார்களாம். கேட்டதும் எனக்கு நாங்கள் சாம்பல் கரைக்கிற கீரிமலைதான் நினைவு வந்தது.

ஆனால் அவர்களிடம் போய் நீங்கள் எங்கள் ஆட்கள் என்று சொல்லி நிற்காதீர்கள். அவர்கள் காரோ, அதில் அவர்களுக்குப் பெருமை இருக்கிறது. "மெஜுவா-ஜுவா" என்று அவர்கள் முறையில் வணக்கம் சொல்லுங்கள், முகம் மலரும்.

உரும்பிராய்க் கிணற்றடி:

இவ்வளவு விபரம் வரும் என்று நினைக்கவில்லை, அண்ணை, ஐயா, அக்கா எல்லோருக்கும் நன்றி. விதைக்கிழங்குக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாத்தியார் சொல்வது சரி, வெண்முட்டுப்பூச்சி வந்த காலம் தெரியாதா என்று சொல்லி விட்டுவிட்டார்.

புத்தூர் அண்ணை, காசுக் கணக்கு எனக்கும் விளங்குகிறது. ஆனால் அப்பா இந்த வயது மட்டும் தனக்கென்று கேட்ட பயணம் இது ஒன்றுதான். இடம்பெயர்ந்து ஓடினது தவிர அவர் தோட்டத்தை விட்டு ஒரு கிழமை விலகி நின்றதில்லை.

ஒரு கேள்வி மிச்சம். அங்கே விலை வைப்பது யார்? எங்கள் சந்தையில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டினதை அப்பா இன்னும் மறக்கவில்லை.

கடல் கடந்த அரியாலை:

தம்பி, அந்தக் கதை அங்கேயும் உண்டு. 'தோக்கே' என்று சொல்கிற மொத்த வியாபாரிகள்தான் விலை சொல்வார்கள், பலருக்கு விதைக்கும் பசளைக்கும் முன்காசு கொடுத்தவரும் அவர்தான், பிறகு விளைச்சலை வேறு இடத்தில் விற்க முடியுமா? நான் போன ஒரு தரம் கோவா விலை விழுந்து கிடந்தது. வெட்டுக்கூலியும் லொறிக் கூலியும் கட்டாது என்று, பந்து பந்தாக முற்றின கோவாவை ஒரு ஆள் தோட்டத்திலேயே விட்டிருந்தார். வரம்பில் குந்தியிருந்தார், எனக்கு ஒன்றைப் பிடுங்கித் தந்தார், காசு வாங்கவில்லை. அதே சந்தையில் மிளகாய் அன்றைக்கு நல்ல விலை. ஒல்லாந்தர் காலத்தில் தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கின மரக்கறி, பிறகு கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. நான் பினாங்கில் சாப்பிட்ட கோவாவில் எத்தனை அந்த மண்ணுடையதோ.

தோட்டக்காரரோடு கதைக்கத் தங்குமிடத்தில் சொல்லி ஆங்கிலம் தெரிந்த ஒரு உள்ளூர்ப் பெடியனை ஒரு நாளுக்குப் பிடியுங்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், பத்துக்குப் பிறகு எல்லோரும் வேலையில் மும்முரம். ஞாயிறு காலை தேவாலயத்தில் இருப்பார்கள்.

நாள் கணக்கு என்று கேட்டால் என் எண்ணம் இது. மேடானில் ஒரு இரவு, பெரஸ்தாகியில் மூன்று இரவு, கடைசி நாள் சிப்பிசோ-பிசோ அருவி வழியாக ஏரிக்கரை ஊரான தொங்கிங்குக்கு இறங்குங்கள். அருவி 120 மீற்றர், மேட்டுநிலத்தின் விளிம்பில் இருந்து நேரே விழும், மேலே நின்றே பார்க்கலாம், கீழே போகும் படிகள் அப்பாவின் முழங்காலுக்கு வேண்டாம். அங்கே நின்றால் தோபா ஏரி தெரியும். நூறு கிலோமீற்றர் நீளம், 505 மீற்றர் ஆழம், ஏறத்தாழ 74,000 வருடங்களுக்கு முன் ஒரு பெரும் எரிமலை வெடித்து உட்கார்ந்த குழி. சிபாயாக் ஏறுவதை விடுங்கள், அதன் அடிவாரத்தில் செமாங்கட் குனுங்கில் வெந்நீர் ஊற்றுத் தொட்டிகள் இருக்கின்றன, சாயந்தரம் அதில் இருந்தால் முழங்கால் நோவுக்கும் நல்லது.

புத்தூர்ச் சந்தி:

சரி, ஐயா எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். கிணறு செய்கிற வேலையை மண் செய்கிறது என்றதில் நான் நின்றுவிட்டேன். தம்பி, போய் வாருங்கள், மோட்டர் இறைக்காமல் ஒரு போகத்துக்கு அவர்களுக்கு மிஞ்சுகிற காசு எவ்வளவு, அது மருந்துக்கும் தோக்கேக்கும் போகிறதா என்று கேட்டு வந்து எழுதுங்கள். நான் இறைப்புக்கு மாதம் கட்டுகிற கரண்ட் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

உரும்பிராய்க் கிணற்றடி:

கட்டாயம் கேட்டு வந்து எழுதுகிறேன் அண்ணை. விமானச் சீட்டு இன்று காலை போட்டாயிற்று, செவ்வாய் போய்ச் சனிக்கு முதல் இறங்குகிற மாதிரி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த மண்ணை அள்ளிப் பார்க்க விடுவார்களா?

பழைய போதனாசிரியர்:

விடுவார்கள். வரம்பில் நின்று "போலே பெகாங்?" என்று கேட்கச் சொல்லுங்கள், தொடலாமா என்று அர்த்தம். எனக்கு ஒருவர் தானே மண்வெட்டியால் ஆழக் கொத்தி, ஈரமான அடிமண்ணைக் கையில் வைத்தார். அந்தச் சமயத்தில் அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். பார்த்து முடிந்ததும் அதே குழியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவட்டும், நகத்துக்குள்ளும்.